வட்டத்துக்குப் பின்னால் பெரியவர்

மனிதர்களை இருந்த இடம் தெரியாமல் ஆக்குவதற்கு உலகத்தில் பல வழிகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. தண்டனை இல்லாமல், வாடிக்கையாளரின் பாராட்டோடு அதைச் செய்துவந்தவர் கவர் அக்கா.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறது, நாம் எழுப்ப வேண்டாம். கடைக்காரர்கள் சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்துக்கொள்கிறார்கள் அல்லவா, அந்தப் பக்கத்தின் தலைமாட்டில் அகலமாக ஒரு படம் கிடக்கும். அதுதான் கவர் படம். அதைச் செய்துகொடுப்பவர் என்பதால் கவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவரே ஒருமுறை வாய்தவறிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் அலுவலகம். கீழே இஸ்திரி இயந்திரம் பெருமூச்சு விடும்போதெல்லாம் தரைப்பலகை இடுக்கு வழியாக நீராவி எழும்பி வரும். கணினித் திரை வியர்த்துப்போகும். திரையில் இருக்கும் முதலாளியின் முகத்தை ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுத்தான் அக்கா வேலையைத் தொடங்குவார். புதிதாகப் படியேறி வருகிறவர்கள் அந்த வெள்ளைப் புகைக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்து யாருடைய முகத்தையோ துடைப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

“என்னங்க, புகையா வருது?”

“புகை இல்லீங்க. டாக்டரோட கோட்டு. இஸ்திரி ஆவுது, நீங்க உள்ள வாங்க.”

கவர் படம் என்றால் அழகாக எதையாவது போட்டுவிட்டால் போதும் என்பது வெளியுலகத்தின் எண்ணம். வெளியுலகத்துக்கு என்ன தெரியும்? கணினியில் அகலமாகத் தெரியும் படம் போனில் பார்த்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். இடது கீழ்மூலையில் கடையின் சின்னம் போட்ட வட்டம் ஒன்று வந்து குந்திக்கொள்ளும். அதன் பின்னால் என்ன இருந்தாலும் கடவுளுக்கே தெரியாது. இத்தனை சேதாரமும் போக, எதில் பார்த்தாலும் வெட்டுப்படாமல், மறையாமல் நடுவில் ஒரு திட்டு மிஞ்சும். அதற்கு அக்கா வைத்திருந்த பெயர் ‘பத்திரமான இடம்’. கடையின் பெயர், முதலாளி, முதலாளி பயப்படும் மனிதர் எல்லாரும் அங்கேதான் நிற்க வேண்டும். ஒரு பாத்திரக் கடைக் குடும்பப் படத்தில் பிடிக்காத மருமகனை வெட்டுப்படும் ஓரத்தில் நிறுத்திவைத்தார் அக்கா. கணினி வைத்திருந்த உறவினர்களுக்கு மட்டும் அவர் மருமகனாக நீடித்தார்.

இதெல்லாம் சில்லறை வேலை. அக்காவுக்குப் பேர் வாங்கித் தந்தது ஆள் எடுப்பது. சண்டைபோட்டுப் போன பங்காளி, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட மேலாளர், விவாகரத்தான மாப்பிள்ளை என்று யாராக இருந்தாலும் படத்திலிருந்து தடயமில்லாமல் எடுத்துவிடுவார். நின்ற இடத்தில் சுவர் வரும், செடி வரும், தேவைப்பட்டால் ஜன்னலே வரும்.

அதற்கு ஒரு விலை இருந்தது. எடுக்கப்பட்டவர்கள் வெளியே திரிந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் முன்னால் நின்றவரின் காதைப் பார்த்ததும் அக்கா ஓரடி பின்வாங்கினார். அந்தக் காதைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, முடி முடியாக அழித்தவர் அவர். காது திரும்பி, “மணி என்னங்க?” என்றது. எந்த பஸ் என்றுகூடப் பார்க்காமல் அக்கா வந்ததில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து யாருடைய காதையும் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

“இல்லாதவங்களப் பாத்துத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. நீ இருக்கிறவங்களப் பாத்துப் பயப்படுற,” என்பார் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து பேசிப் பேசி, கேட்காமலே ஆறுதல் சொல்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

‘அண்ணன் தம்பி மெத்தைகள்’ அக்காவின் வாடிக்கையாளர்களில் செல்லப்பிள்ளை. அண்ணனைக் கடையில் பெரியவர் என்பார்கள். உடம்பிலும் குரலிலும் அந்தப் பட்டத்துக்கு நியாயம் செய்தவர். தம்பியான சின்னவர் துணி காயப்போடும் கொடி மாதிரி இருப்பார். பெரியவருக்கு விற்பனையில் ஒரே ஒரு வித்தைதான் தெரியும். வாடிக்கையாளர் முன்னால் மெத்தையில் பொத்தென்று உட்காருவார், மெத்தை அமுங்கும். எழுந்திருப்பார், மெத்தை எழும்பும். “பாத்தீங்களா? ஆள் எழுந்தா ஆள் இருந்த அடையாளமே இருக்காது! பத்து வருஷம் கேரண்டி!” என்று கையைத் தட்டுவார். மெத்தையின் பெயர் ‘மேகம்’.

கவர் படம் எடுத்த அன்று இருவரையும் மேகத்தின் மேல் உட்காரச் சொன்னார் அக்கா. பெரியவர் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் பள்ளமானது. சின்னவர் வழுக்கிக்கொண்டுபோய் அண்ணன்மேல் சாய்ந்தார். பிடிமானத்துக்கு அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“டேய், ஒழுங்கா உக்காருடா. கவர் படம்டா!”

“நீ எழுந்திருண்ணே, நான் ஒழுங்கா உக்காருறேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா அந்த நொடியில் காமிராவை அமுக்கினார். கீழே போட ஒரு வாசகம் வேண்டும் என்றார்கள். அக்காவே எழுதினார்: ‘படுத்தால் எழவே மனசு வராது’. பெரியவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கீழே சலவைக் கடைக்காரர் வெளியே வந்து மாடியைப் பார்த்தார்.

அந்தப் படமும் வாசகமும் கடையைத் தூக்கி நிறுத்தின. இன்னொரு மெத்தைக் கடையைப் பற்றி யாருக்கும் ஞாபகமே வராத அளவுக்கு எல்லாருடைய போனிலும் அண்ணனும் தம்பியும் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு காலை, பெரியவர் எழவில்லை. சொந்த வீட்டில், சொந்தக் கடையின் மேகத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். மருத்துவர் இதயம் என்றார். ஊர் மெத்தை என்றது.

கவர் படம் அப்படியே இருந்தது. அதன் கீழே கருத்துகள் முளைத்தன.

‘சொன்ன சொல் தவறாத கடை.’

‘ஓனரே டெமோ காட்டிட்டாரு.’

‘மாமியாருக்கு ஒண்ணு வேணும், வீட்டுக்கே கொண்டுவந்து தருவீங்களா?’

அக்கா அந்த வாசகத்தை அன்றே எடுத்தார். ஆனால் ஊர் வாயிலிருந்து அதை எடுக்க எந்த மென்பொருளிலும் வசதியில்லை. கடைக்கு வந்தவர்கள் மெத்தையைத் தொட்டுப் பார்த்து, அர்த்தத்தோடு சிரித்து, தலையணை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கா சில நாள் மெத்தைப் பக்கமே போகாமல் நாற்காலியிலேயே தூங்கினார். கணவர் கேட்டதற்கு முதுகுவலி என்றார்.

சின்னவர் படியேறி வந்தபோது கூடவே ஒரு பிராண்ட் ஆலோசகரையும் கூட்டிவந்தார். கழுத்தில் நாடா போட்டிருந்தார் ஆலோசகர், அதன் நுனியில் அட்டை எதுவும் இல்லை.

“மேடம், மெத்தையும் மரணமும் ஒரே ஃப்ரேம்ல வரக்கூடாது. இது உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம்.”

“எந்த உலகத்துலங்க?” என்றார் அக்கா.

சின்னவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு சுற்று வற்றியிருந்தது. “அக்கா, அண்ணன எடுத்துடுங்க. எனக்கும் இஷ்டம் இல்ல. ஆனா இந்தப் படம் இருக்கிறவரைக்கும் மேகம் விக்காது. மேகம் விக்கலன்னா கடையை மூடணும். அண்ணி சாப்பாடும் அந்தக் கடைதான், என் சாப்பாடும் அந்தக் கடைதான். அவரு இருந்த தடமே தெரியக்கூடாது.”

“சரிங்க,” என்றார் அக்கா. அவர் செய்யத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

பெரியவரை எடுப்பது சுலபமாக இருந்தது. பின்னால் வெறும் சுவர். எடுத்து முடித்து நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். சின்னவர் சிரித்துக்கொண்டே காற்றின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெத்தை, ஆள் உட்கார்ந்த மாதிரியே ஆழமாக அமுங்கியிருந்தது.

அந்தக் கையை வெட்டி மடியில் வைத்தார். பள்ளத்தை நிரவினார். இப்போது சமதரையில் சின்னவர் குடிபோதையில் இருப்பதுபோலச் சரிந்திருந்தார். அவரை நிமிர்த்தினார். நிமிர்ந்தவர் யாருமில்லாத பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திருப்பினார், வாயை மூடினார். கடைசியில் அந்தப் படத்தில் சின்னவருடையது என்று சொல்ல மூக்கு மட்டும் மிஞ்சியது. பெரியவர் போகவே இல்லை. தம்பியின் ஒவ்வொரு எலும்பிலும் உட்கார்ந்திருந்தார்.

“புதுசா எடுத்துடலாம்,” என்றார் ஆலோசகர்.

கடைக்குப் போனார்கள். உறை பிரிக்காத மேகம் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார்கள். சின்னவர் நடுவில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் நேரா உக்காருங்க.”

“நேராத்தானக்கா உக்காந்திருக்கேன்.”

அக்கா காமிராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தார். சின்னவர் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தார். தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டு வந்தார். காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் மறுபடி சாய்வு. கடை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு அது, சமதரை அதற்குப் பழக்கமில்லை என்று அக்கா தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தரை சரிவாக இருக்கிறது என்றார் ஆலோசகர். ஒரு பென்சிலை உருட்டிப் பார்த்தார். பென்சில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா தம் தொழில்வாழ்க்கையின் மிகப்பெரிய கெட்டிக்காரத்தனத்தைச் செய்தது அப்போதுதான். எடுத்தால்தானே தடம் தெரிகிறது? எடுக்காமலே விட்டால்? பழைய படத்தையே எடுத்துக்கொண்டார். மெத்தையைக் கீழே இறக்கி, அண்ணன் தம்பியைச் சிறிதாக்கி, மேலே முழுக்க நீல வானத்தை விரித்தார். பிறகு நகர்த்தி நகர்த்தி, பெரியவரைத் தலைமுதல் முழங்கால்வரை இடது கீழ்மூலையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். வலைத்தளப் பக்கத்தில் ஏற்றியதும் கடையின் சின்னம் போட்ட வட்டம் வந்து அவரை முழுசாக மூடியது. சின்னவர் வட்டத்தின் மேல் சாய்ந்து, அதற்குப் பின்னால் கையைப் போட்டு, அதைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “மேடம்! பிராண்ட் மேலயே சாஞ்சிருக்காரு! பிராண்டையே கட்டிப்பிடிச்சிருக்காரு! இத நான் எல்லா இடத்துலயும் சொல்லுவேன்.”

சொல்லவும் செய்தார். அது தம்முடைய யோசனை என்று சொன்னார்.

உண்மையை அக்கா கணவரிடம் மட்டும் சொன்னார்.

“அப்ப அவரு அங்கதான் இருக்காரா?”

“இருக்காரு. ஆனா யாருக்கும் தெரிய மாட்டாரு.”

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “அதுக்குப் பேருதாம்மா பேய்.”

மேகம் மெல்ல விற்க ஆரம்பித்தது. தள்ளுபடி மாறும்போதெல்லாம் எழுத்தை மாற்ற அக்கா அந்தக் கோப்பைத் திறக்க வேண்டியிருந்தது. கோப்பில் வட்டம் கிடையாது. திறந்ததும் நீராவிக்குள்ளிருந்து பெரியவர் சிரித்தபடி வெளிப்படுவார். முதல் தடவை அக்கா கோப்பை உடனே மூடிவிட்டார். இரண்டாம் தடவை தலையைக் குனிந்துகொண்டே வேலையை முடித்தார். அதற்கப்புறம், ஒருவர் தினமும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் பேசாமல் நுழைவது மரியாதையில்லை என்று தோன்றி, “வணக்கங்க. எழுத்து மட்டும் மாத்திட்டுப் போயிடுறேன்,” என்று சொல்ல ஆரம்பித்தார். மூடும்போது, “வரேங்க.” கீழே இயந்திரம் பதில் சொல்வதுபோலப் பெருமூச்சு விடும். நேரப் பொருத்தம் சில நாள் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தியது.

வலைத்தளங்களை நடத்துகிறவர்கள் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு முற்பகலில் அவர்களுக்கு, வட்டம் இடது மூலையில் இருப்பதைவிட நடுவில் இருந்தால் அழகாக இருக்கும் என்று பட்டது. நகர்த்திவிட்டார்கள்.

அக்காவின் போன் அடித்தது. சின்னவர்.

“அக்கா,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நான் எங்கக்கா?”

“கடையில இல்லீங்களா?”

“படத்துலக்கா! படத்துல நான் எங்க? அண்ணன் இருக்காரு. நான் இல்ல.”

அக்கா பக்கத்தைத் திறந்தார். இடது மூலையில் வெட்டவெளிச்சமாகப் பெரியவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வட்டம் நடுவுக்கு நகர்ந்து சின்னவரைத் தலையோடு காலாக விழுங்கியிருந்தது. சின்னவரில் மிஞ்சியது ஒரு கைதான். வட்டத்துக்குப் பின்னாலிருந்து நீண்டுவந்து, செத்துப்போனவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கீழே கருத்துகள் ஏறிக்கொண்டிருந்தன. ‘அண்ணன் தம்பியையும் கூட்டிட்டுப் போறாரு.’ ‘அடுத்தது நீதான்டா.’ ‘கையை விடச்சொல்லுங்கப்பா.’

போனில் ஆலோசகர் குறுக்கே வந்தார். “மேடம், காலமானவர் இருக்காரு, இருக்கிறவர் காலமாயிட்டாரு. இது பிராண்டுக்கு நல்லதில்ல.” அக்கா வைத்துவிட்டார். சின்னவர் மறுபடி கூப்பிட்டார். கடையின் ஷட்டரை இறக்கும் சத்தம் பின்னால் கேட்டது. “போதும்க்கா. அண்ணன் எங்கள விடமாட்டாரு. நான் மூடிடுறேன்.”

படத்தைத் தூக்கிவிட அக்கா கையை வைத்த நேரம், படியில் செருப்புச் சத்தம். மேலே வந்தவர் பெரியவரின் மனைவி. நீராவிக்குள் நின்று மூச்சு வாங்கினார். மாடியேறும் உடம்பு இல்லை அவருக்கு.

“எடுத்துடாதம்மா. ஒரு தடவை பாத்துக்கிறேன்.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்து, முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“இத்தன நாளா எங்க இருந்தாரு?”

“இங்கதாம்மா.” அக்கா திரையின் இடது மூலையைக் காட்டினார். “வட்டத்துக்குப் பின்னாடி. நாந்தான் மறைச்சு வெச்சேன்.”

“வீட்டுலயும் அப்படித்தான். வேலை இருக்குன்னு கூப்பிட்டா எதுக்காவது பின்னாடிதான் இருப்பாரு.” கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “அந்த எழவே மனசு வராது... அது யாரு எழுதினது?”

பொய் சொல்ல அக்காவுக்கு நேரம் இருந்தது. “நாந்தாம்மா.”

“அவருக்கு ரொம்பப் பிடிக்கும். காலைல எழுப்பினா கண்ணைத் தொறக்காம அதத்தான் சொல்லுவாரு.” முந்தானையால் திரையை மறுபடி துடைத்தார். “அன்னிக்கும் எழுப்பினேன். பதில் இல்ல. விளையாடுறாரு, தூங்கட்டும்னு அடுப்படிக்குப் போயிட்டேன்.”

அக்கா கீழே பார்த்தார். பலகை இடுக்கில் வெள்ளையாக ஆவி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் போன பிறகும் கொஞ்ச நேரம் விளையாடுவதாகவே இருந்திருக்கிறார், அக்கா எழுதிய வாசகத்தின் துணையில்.

“அம்மா, நான்...”

“உன்னச் சொல்லலம்மா. அவரும் நல்லாத்தான் தூங்கினாரு.” அந்த அம்மாள் எழுந்தார். “அந்த மெத்தையை எரிக்கணும்னு சொன்னான் கொழுந்தன். புதுசு ஒண்ணு அனுப்பினான். அது பிளாஸ்டிக் பிரிக்காம சுவத்துல சாஞ்சு நிக்குது. நான் பழசுலதான் படுக்கிறேன். தினமும் படுக்கிறேன், தினமும் எழுந்திருக்கேன். இத ஒருத்தரும் என்கிட்டக் கேக்கலையே? காமிராவை எடுத்துக்கோ. அவனையும் வரச்சொல்லு.”

வீட்டில் அந்த அறைக்கு ஒரு ஜன்னல். கட்டிலில் மேகம் விரித்துக் கிடந்தது. கதவுப் பக்கம் அந்த அம்மாள் படுக்கும் இடம் தட்டையாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் எழும்பி நின்றது. ஜன்னல் பக்கம், விரிப்பையும் மீறி, ஒரு பெரிய மனிதரின் நீளத்துக்குப் பள்ளம்.

வாசற்படியில் சின்னவர் நின்றுவிட்டார். “அண்ணி, இத இன்னும் வெச்சிருக்கீங்களா?”

“நீதான விக்கிற. நீயே பயந்தா எப்படி?”

“பள்ளம் எழும்பலையே அண்ணி.” அவர் மெத்தைக்காரர், கண் அங்கேதான் போயிற்று. “எழும்பணுமே. ஆள் எழுந்தா எழும்பணும்.”

“அவரு எழுந்தாத்தானடா.”

கூடவே வந்திருந்த ஆலோசகர் கையை உயர்த்தினார். “ஒரு நிமிஷம். பள்ளம் விழுந்த மெத்தையைக் காட்டி மெத்தை விக்கப் போறோமா? பத்து வருஷம் பள்ளம் விழாதுன்னு கேரண்டி குடுத்திருக்கோம்!”

“கேரண்டி மெத்தைக்குத்தான் தம்பி குடுத்தது. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் குடுக்கலையே. நீங்க கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க.”

அந்த அம்மாள் தம் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவரைக் கால்மாட்டில் உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்து, ஒரு மூச்சு இழுத்து, தம்மை அறியாமல் பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்தார். அக்கா பார்த்தார். நிமிர்த்தப் போகவில்லை. நேராக உட்காரு என்று சொல்லத் தகுதியுள்ளவர் வேறொருவர்.

எடுப்பதற்கு முன்னால் விரிப்பை இழுத்துவிட அக்கா பள்ளத்தில் கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம் விரிப்பு குளிர்ந்திருந்தது. பள்ளம் கதகதப்பாக இருந்தது, சற்றுமுன் யாரோ எழுந்துபோன மாதிரி, அல்லது போகாத மாதிரி. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே என்று பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. வெயில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. கட்டிலைத் தொடவே இல்லை. அந்த அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “காலைல அப்படித்தாம்மா இருக்கும்,” என்றார். “எடு.”

ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று மேலிருந்து எடுத்தார் அக்கா.

அறைக்குத் திரும்பி வேலை தொடங்கியது. வாசகம் அந்த அம்மாளே சொன்னது: ‘நான் தினமும் இதில்தான் படுக்கிறேன். காலையில் எழுந்திருக்கிறேன்.’ அதற்கு மேல் ஒரு சொல் போடக்கூடாது என்று கட்டளை. ‘கனவுகளின் இருப்பிடம்’ என்று சேர்க்கலாமே என்றார் ஆலோசகர். சின்னவர் அவரை மாடியிலிருந்து மரியாதையாக இறக்கிவிட்டு வந்தார்.

வட்டம் இடது மூலையில் இருந்தால் என்ன மறையும், நடுவில் வந்தால் என்ன மறையும், நாளைக்கு எவனுக்காவது வலப்பக்கம் அழகாகப் பட்டால் என்ன மறையும் என்று மூன்றையும் வரைந்து பார்த்தார் அக்கா. போனில் எது வெட்டுப்படும் என்று ஓரங்களையும் தட்டினார். எல்லாச் சேதாரமும் போக மேல்நடுவில் ஒரு திட்டு மிஞ்சியது. பத்திரமான இடம். முதலாளிகள் அடித்துக்கொள்ளும் அந்த இடத்தில் பள்ளத்தைக் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மாள் ஒரு பக்கம் வந்தார். சின்னவரின் முழங்கை கொஞ்சம் வெட்டுப்பட்டது. “பரவால்லக்கா,” என்றார் சின்னவர்.

படம் ஏறிய பிறகு கருத்து எழுதுகிறவர்கள் கொஞ்சம் திணறினார்கள். ஒருவன் ‘எழுந்திருக்கிறேன்’ என்பதை வைத்து ஏதோ கேலிக்கு முயன்றான். தாலியறுத்த பெண்ணின் நேர்ப்பார்வைக்குக் கீழே அது எடுபடவில்லை, அவனே அழித்துவிட்டான். பிறகு வேறு யாரோ ஒரு கடைக்காரரின் கழிவறை விளம்பரத்தில் எழுத்துப்பிழை வந்ததும் எல்லாரும் அங்கே குடிபெயர்ந்தார்கள். சின்னவர் மறுநாள் காலை ஷட்டரை ஏற்றினார். மேகம் பழையபடி பறக்கவில்லை, ஆனால் நகர்கிறது. வாங்க வருகிறவர்களில் சிலர் படத்தைக் காட்டி, “இந்த மாதிரி பள்ளம் விழுமா?” என்று கேட்கிறார்கள். “விழாதுங்க, விழுந்தா மாத்தித் தருவோம்,” என்கிறார் சின்னவர், இடது பக்கமாகச் சாய்ந்து நின்றபடி.

ஆள் எடுக்கும் வேலையை அக்கா விட்டுவிட்டார். கேட்டு வருகிறவர்களிடம், “கொஞ்சம் நகர்த்தி வேணா வெக்கிறேன்,” என்கிறார். பள்ளம் கதகதப்பாக இருந்த விஷயத்தைக் கணவரிடம் சொன்னபோது அவர் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்து, முதல்முறையாக ஒன்றும் அகப்படாமல், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

போன வாரம் வட்டத்தை மறுபடி நகர்த்தியிருக்கிறார்கள், இந்தமுறை வலப்பக்கம். செய்தி வந்ததும் அக்கா திரையைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். பள்ளம் இருந்த இடத்தில் இருந்தது. போனிலும் பார்த்தார், இருந்தது.

“வணக்கங்க,” என்றார். கீழிருந்து ஒரு பெருமூச்சு எழும்பி வந்தது.

அன்று சலவைக் கடை விடுமுறை.